பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை

புதிதாக ஒரு பாஸ்வேர்டு போடும்போது, "குறைந்தது ஒரு பெரிய எழுத்தாவது இருக்க வேண்டும்" என்று சிவப்பு நிறத்தில் ஒரு வரி வந்து உங்களைக் கடுப்பேற்றுமே, அதை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. (தயவுசெய்து வீட்டு முகவரி கேட்காதீர்கள்.) ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரிசு ஒன்று, சின்னது ஒன்று உண்டு அல்லவா? வந்து நிற்கிற எழுத்து எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் மொழிகளில் தயார் நிலையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. "நீ பெரிய எழுத்தா?" என்று கேட்கலாம். "நீ சின்ன எழுத்தா?" என்று கேட்கலாம். ஆமாம், இல்லை என்று பதில் வரும். இந்த இரண்டைக் கேட்டே ஆறு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஆனால் இந்த இரண்டே கேள்விகளை வைத்து, பெற்ற தாயை நூற்றைம்பது காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார வைத்த சாதனை, எனக்குத் தெரிந்து, என்னுடையது மட்டும்தான்.

அப்போது எனக்கு முப்பது வயது. சென்னைக் கம்பெனிக்காரர்கள் "இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்" என்று சொல்லிவிட்டதால் காஞ்சிபுரத்துக்கே திரும்பி, எங்கள் வீட்டு மாடி அறையில் குடியேறியிருந்தேன். கீழே தெரு முழுக்கத் தறிச் சத்தம். தறி நிற்கிற நேரத்தில் பேச்சுச் சத்தம். மேலே நான், ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்குப் போனார்கள், கல்யாணமாகிப் போனார்கள், சிலர் காரணமே சொல்லாமல் போனார்கள். ஒரு முழு நாளில் நான் வாய்விட்டுப் பேசுவது "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்பதை மட்டும்தான். கேட்கவில்லை என்றுதான் பாதி நாள் பதில் வரும்.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கிராம சுகாதார நர்ஸ். தாமல், மாகறல் என்று மாற்றி மாற்றிப் போட்ட ஊரெல்லாம் பஸ்ஸிலும் நடந்தும் போய், கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, பிரசவம் பார்த்து, பிறந்ததுக்குச் சொட்டு மருந்து விட்டு, முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவள். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் அன்றைய கதையை ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு ஒரு ரெட்டை, பாப்பா. ரெண்டும் பொண்ணு. மாமியார்க்காரி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்குறா. விட்டேன் ஒரு டோஸ்!"

நான் ஹெட்போனைக் கழற்றாமல் தலையாட்டுவேன். (மீட்டிங் எதுவும் இருக்காது. சும்மாவே கழற்ற மாட்டேன்.) அம்மா கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, நீ உன் வேலையப் பாரு" என்று இறங்கிப் போய்விடுவாள். ஒரே வீட்டில் இருந்தோம் என்றுதான் பேர். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி மீட்டர் வைத்திருந்தால் இரண்டு குடித்தனம் என்றே சொல்லியிருக்கலாம்.

அந்த வருடம் அம்மா ரிட்டயர் ஆனாள். ஆபீஸில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். "இனிமே மணி பாத்து நான் எங்க போவப் போறேன்?" என்று சிரித்துக்கொண்டே அதைக் கூடத்தில் மாட்டினாள். ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, தலை சீவி, புடவை கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், செருப்பில் கால் நுழைக்கும்போதுதான் ஞாபகம் வந்து நின்றுவிட்டாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மண்டபம் பிடித்து, அவளுடைய ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விருந்து. முப்பத்திரண்டு வருடமாக இவள் யார் யார் வீட்டுக்கோ போனாள், இவளுக்காக ஒருநாள் எல்லோரும் வரட்டும். நானும் பெற்றவளுக்கு உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்று இருக்கட்டும்.

அம்மாவின் ஆட்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் போனில் சேர்த்து வைத்திருப்பாளே! அம்மா குளிக்கப் போன சமயத்தில் அவள் போனிலிருந்த பெயர்களையும் எண்களையும் மொத்தமாக என் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டேன். அதைத் திறந்து ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. புரோகிராம் எழுதத் தெரிந்தவள் பட்டியலைக் கண்ணால் பார்ப்பதா, கேவலம் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு.

எல்லோர் போனிலும் இருப்பதுபோல் அதிலும் குப்பை இருக்கும் என்று தெரியும். பேலன்ஸ் பார்க்கும் நம்பர், நட்சத்திரக் குறியில் ஆரம்பிக்கும் கம்பெனி சேவைகள், இப்படி. அவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட முடியாது. அதனால் பெயரின் முதல் எழுத்தைச் சோதிக்கும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். பெரிய எழுத்தா? அழைப்பு அனுப்பு. சின்ன எழுத்தா? அதைப் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டு அனுப்பு. இரண்டும் இல்லையா? அப்படியானால் எண்ணோ குறியோதான், மனிதப் பிறவியாக இருக்காது. கழித்துக் கட்டு. என் சொந்த போனில் இருந்த பெயர்களை வைத்துச் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. முதுகில் தட்டிக்கொடுக்க ஆள் இல்லாததால் நானே தட்டிக்கொண்டேன்.

"எங்கள் அம்மா வசந்தாவின் பணி ஓய்வு விருந்து, ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி, குடும்பத்தோடு தவறாமல் வரவும், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்." மண்டபத்தின் பெயரையும் சேர்த்து பட்டனைத் தட்டினேன். திரையில் பதில் வந்தது. அனுப்பியது: நாற்பத்தொன்று. கழித்தது: இருநூற்றுப் பன்னிரண்டு.

'அடடா, அம்மா போனில் இவ்வளவு குப்பையா!' என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். நாற்பத்தொரு குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்று மனக்கணக்குப் போட்டு, நூற்றைம்பது பேருக்குச் சமையலுக்குச் சொன்னேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கோயில் இட்லியும் உண்டு. நான் வாயால் சொல்லி அழைத்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. "ஒரு வளைகாப்பு இருக்குது, துணைக்கு வா" என்று சொல்லி அம்மாவை மண்டபத்துக்குக் கூட்டி வருவது அவர் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கே மண்டப வாசலில் நின்றேன். முதலில் வந்தது ஒரு லோடு ஆட்டோ. எங்கள் வீட்டுக்கு கேஸ் போடும் ஏழுமலை அண்ணன் இறங்கி, ஒரு சிலிண்டரைத் தோளில் ஏற்றினார்.

"எங்கம்மா வைக்கணும்? சமையக்கட்டு பின்னாலயா?"

"அண்ணே, விருந்துக்குதாண்ணே கூப்பிட்டேன்."

"விருந்துன்னு படிச்சேன்மா. ஞாயித்துக்கிழமைல நம்மள எதுக்குக் கூப்பிடுவாங்க, கேஸ் தீந்துபூட்டிருக்கும்னு நெனச்சிக்கினேன்."

அடுத்து பிளம்பர், ஸ்பேனர் பையோடு. "லீக்கு எங்கக்கா?" என்றார். பிறகு தண்ணீர் கேன்காரர், ஆறு கேன்களோடு. அப்புறம் பட்டுப் புடவை பாலீஷ் போடுகிறவர், கேபிள்காரர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பாவம், ஏஜெண்ட் மட்டும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு சால்வையோடு வந்திருந்தார். (சால்வைக்குள் ஒரு பாலிசி விண்ணப்பமும் இருந்தது.) நல்ல மனிதர்கள்தான். ஆனால் இவர்கள் அம்மாவுக்கு இவ்வளவு நெருக்கமா என்று லேசாக உறுத்தியது. மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு அம்மா வந்தாள். மாம்பழ நிறப் பட்டு. கையில் வளைகாப்புக்காரிக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பொட்டலம். மேடையில் தன் பெயர் போட்ட பேனரைப் படித்தாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பிறகு மெல்லத் திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். நூற்றைம்பது நாற்காலி. பதினாலு பேர்.

"இன்னா பாப்பா இது?"

"உனக்குதாம்மா. உன் ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டேன்."

"எல்லாரையுமா?"

"ஒருத்தர் விடாம."

மேடை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. வாசல் பக்கம் நிழல் ஆடும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். கடைசியில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"தாமல் சாந்திக்குமா சொன்ன?"

"எல்லாருக்கும் போச்சும்மா. யாரும் வரல."

"நாத்து நடுற நேரம். வேல இருக்கும்" என்றாள். பிறகு, "மாகறல்ல இருந்து பஸ்ஸும் செரியா கெடையாது" என்றாள். நான் எதுவும் கேட்காமலே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. நன்றி கெட்ட ஜனங்கள்! அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பந்திக் கூடத்துக்குப் போனேன். அந்த தாமல் சாந்தியைத் தேடிப் பிடித்து நம்பரைப் போட்டேன்.

"சொல்லுங்க நர்ஸம்மா!" என்றது ஒரு குரல்.

"நர்ஸம்மா பொண்ணு பேசறேன். உங்களுக்கு மனசாட்சி இருக்குதா? எங்கம்மா உங்க ஊருக்கு எத்தன வருஷம் நடையா நடந்திருக்காங்க? ஒரு வேள சாப்பிட வர்றதுக்குக்கூட நேரம் இல்லயா?"

"எங்கமா சாப்பாடு? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"ரிட்டயர்மெண்ட் விருந்து. மெசேஜ் வரலயா?"

"நர்ஸம்மா ரிட்டயர் ஆயிட்டாங்களா?" அந்தக் குரல் உடைந்துபோனது. "ஊருக்கே தெரியாதேமா. ஊரக் கூட்டி சாப்பாடு போட்டுக்கினு எங்கள மட்டும் உட்டுட்டீங்களா? எம் ரெட்டைங்க ரெண்டும் அவங்க கையிலதானேமா பொறந்துது!"

போனை வைத்துவிட்டேன். அம்மாவின் போனைத் திரும்பப் பார்த்தேன். 'தாமல் சாந்தி ரெட்டை' என்று இருந்தது. தமிழில் இருந்தது.

வாழை இலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்து, கழித்துக் கட்டிய பட்டியலை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன். மாகறல் ரேவதி தலைப்பிரசவம். ஏனாத்தூர் அமுதா அழுதவ. தாமல் ஏரிக்கரை குமாரி. அரக்கோணம் பெரியக்கா. இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுக்குமேல் மனிதர்கள். அத்தனை பேரும் தமிழில். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. 'தா'வைப் பார்த்து "நீ பெரிய எழுத்தா?" என்றால் இல்லை என்னும். "நீ சின்ன எழுத்தா?" என்றாலும் இல்லை என்னும். ஒன்றாம் வகுப்பில் படித்த சங்கதி. பொறியியல் பட்டம் வாங்கியவளுக்கு அது தோன்றவில்லை.

அழைப்பு போன நாற்பத்தொரு பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்கு அந்த போனை வாங்கிக் கொடுத்த அன்று, "முக்கியமான நம்பரெல்லாம் போட்டுத் தரேன்" என்று நான் உட்கார்ந்து ஏற்றியவை. கேஸ், பிளம்பர், வாட்டர் கேன், எல்லாம் ஆங்கிலத்தில், முதல் எழுத்து பெரிதாக, பார்க்க அழகாக. அதற்குப் பிறகு அம்மா ஒரு விரலால் தடவித் தடவிச் சேர்த்ததெல்லாம் தமிழ். நான் கூப்பிட்டது அம்மாவின் ஆட்களை இல்லை, என் ஆட்களை.

மேடைக்குப் போய்ச் சொன்னேன். எழுத்து, பெரிசு, சின்னது என்று என்னென்னவோ உளறினேன். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அப்ப, அவங்கள யாரும் கூப்பிடவே இல்லயா?"

"இல்லம்மா."

"அப்பாடா!" என்றாள் அம்மா. அப்போதுதான் பொலபொலவென்று கண்ணீர் விட்டாள்.

சரோஜா அக்கா என்னை விடவில்லை. "ஏம்மா, ஆயிரக்கணக்குல இழை பிணைக்கிறேன். ஒவ்வொண்ணையும் வெரலால தொட்டுப் பாக்குறேன். எரநூறு பேர ஒருதடவ ஏறெடுத்துப் பாக்க முடியலியா ஒன்னால?" என்றார்.

மூன்று மணிக்கு மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். இருநூறு பேரைக் கூப்பிட்டு அவர்கள் வந்து சேர நேரமில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பிரசவ வீட்டில் இப்படித்தான் எழுந்திருப்பாள்போல.

"ஏழுமல, வண்டில எடம் இருக்குதா?"

"சிலிண்டர எறக்கிட்டா இருக்குது நர்ஸம்மா."

"அப்ப அண்டாவ எல்லாம் ஏத்து. தாமலுக்குப் போவலாம்."

பிளம்பரும் கேன்காரரும் சாம்பார் அண்டாவைத் தூக்கினார்கள். கேபிள்காரர் இட்லியைத் தூக்கினார். இன்சூரன்ஸ்காரர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பாயசத்தைப் பிடித்துக்கொண்டார். அம்மா பட்டுப்புடவையோடு லோடு ஆட்டோவின் முன்சீட்டில் ஏறி, வளையல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "அங்க ஒருத்திக்கு எட்டாம் மாசம். இது வீணாவாது" என்றாள். பாலீஷ்காரர் தன் வண்டியில் சரோஜா அக்காவை ஏற்றிக்கொண்டார். யாராவது ஒருவர் இருந்து சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு மண்டபச் சாவியை ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வண்டிகள் போனபிறகு அந்த மண்டபத்தில் இருந்த நிசப்தம் இன்னும் காதில் இருக்கிறது. நூற்றைம்பது நாற்காலி, ஒரு கேஸ் சிலிண்டர், நான். பசி வேறு. சாப்பாடு முழுவதும் தாமலுக்குப் போய்விட்டது. பொழுது போகாமல் கழித்துக் கட்டிய பட்டியலை மறுபடியும் திறந்து, ஒவ்வொரு பெயராக உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். நூற்றுச் சொச்சத்தில் ஒரு பெயர் வந்தது. பாப்பா. பக்கத்தில் என் நம்பர்.

போனைக் கொடுத்த அன்று என் பெயரையும் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்தான் ஏற்றியிருந்தேன். அதை அழித்துவிட்டு அம்மா தன் கையால் தமிழில் எழுதியிருக்கிறாள். ஆக, விருந்து வைத்த எனக்கே அழைப்பு வரவில்லை. வரவில்லையே என்று எனக்கும் தோன்றவில்லை.

பிறகு, செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். என் போனில் அம்மாவை எப்படிப் போட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். 'மதர் காஞ்சி'. ஆங்கிலத்தில். முதல் எழுத்து பெரிசு. நானூறு பெயர்களும் அப்படித்தான் இருந்தன. அந்த நானூறு பேரில், "மண்டபத்துல தனியா இருக்கேன், கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட ஓர் ஆள் அகப்படுகிறாளா என்று மேலிருந்து கீழ்வரை தேடினேன். கிடைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மண்டபத்து வாட்ச்மேன் வந்து, "பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போயிட்டுதா? பெத்தவங்களுக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இருட்டின பிறகு வந்தாள். தாமலில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் ஹெட்போனைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டுக் கேட்டேன். முழுக்கக் கேட்டேன்.

இதெல்லாம் நடந்து நாலைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஏழுமலை அண்ணன் சிலிண்டர் இறக்கும்போதெல்லாம், "அடுத்த விருந்து எப்பம்மா? சிலிண்டரோட வரட்டா, சும்மா வரட்டா?" என்கிறார். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதினாலும், "அவகிட்ட குடுத்துடாதீங்க, பிளம்பர்தான் வருவாரு" என்று ஒரு குரல் எழும்பும். பெரும்பாலும் அது அம்மாவின் குரல்.

ஆனால் அந்தப் பாயச அண்டாவைத் திரும்ப வாங்கி வர, மறுவாரம் என்னைத்தான் தாமலுக்கு அனுப்பினாள். பஸ் ஸ்டாப்பில் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன். ஒரு பெண் எதிரே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருமா நீ? ஊருக்குப் புதுசா?"

"நர்ஸம்மா பொண்ணு."

"எங்கள விருந்துக்குக் கூப்பிடாத பொண்ணா?"

தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றேன். அவள் உடனே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சாந்தி! ஏ சாந்தி! அந்தக் கூப்பிடாத பொண்ணு வந்துக்கீது, வா!" என்று கத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா வா, மொதல்ல சாப்பிடு" என்று இழுத்துக்கொண்டு போனாள். அன்று மூன்று வீட்டில் சாப்பிட்டேன். கிளம்பும்போது சாந்தி அக்கா என் நம்பரைக் கேட்டு, தன் போனில் ஒரு விரலால் தடவித் தடவி ஏற்றிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். 'கூப்பிடாத பொண்ணு' என்று இருந்தது. என் பெயரைச் சொல்லி மாற்றச் சொல்ல வாயெடுத்தேன், தமிழில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.